ஸ்பூன் ஆண்பால், ஃபோர்க் பெண்பால்!

(பட்டிமன்றத் தலைப்பு: ஆங்கிலம் உலகெங்கும் பரவக் காரணம் அதன் எளிமையே! அதைப் பேசியவர்களின் வலிமையே! ‘வலிமையே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எளிமை எளிமை என்று பேசியே எங்களைக் களைப்படைய வைத்துவிட்ட எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, பண்டிகைப் பலகாரத் தட்டோடு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அன்புக் குடும்பங்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப அழகாகப் பேசினார்கள். “ஆங்கிலத்துல மேசைக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. நாற்காலிக்குக் கிடையாது. வேற்றுமை உருபை மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. அவ்வளவு லேசான மொழி. அதனாலதான் உலகமெல்லாம் பரவுச்சு” என்றார்கள். கைதட்டலும் வாங்கிவிட்டார்கள். நானும் தட்டினேன். ஏன் தெரியுமா? அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். “உனக்கு எதுக்கய்யா ஐரோப்பிய மொழி இலக்கணம்?” என்று கேட்கலாம். என் முனைவர் பட்ட ஆய்வு, ஐரோப்பியர்கள் எழுதிய தமிழ் இலக்கண நூல்களைப் பற்றியது. சீகன்பால்கு ஜெர்மன்காரர். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1716இல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அச்சானது. எழுதியது எந்த மொழியில்? லத்தீனில்! வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். அவரும் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். இவர்களைப் படிக்க வேண்டுமென்றால் இவர்கள் மொழி எப்படி இருக்கும் என்று கொஞ்சமாவது தெரிய வேண்டாமா? அப்படி எட்டிப் பார்த்தவன்தான் நான். எட்டிப் பார்த்தவுடனே தலை சுற்றிவிட்டது.

ஜெர்மனியில் சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். ஒரு ஸ்பூன், ஒரு ஃபோர்க், ஒரு கத்தி. ஸ்பூன் ஆண்பால். ஃபோர்க் பெண்பால். கத்தி இரண்டும் இல்லை, அஃறிணை மாதிரி ஒரு மூன்றாம் பால். (சிரிப்பு) ஒரு வாய் சாப்பிடுவதற்குள் மூன்று பாலும் தெரிந்திருக்க வேண்டும். நம்ம ஊரில் ஐந்து விரலும் அஃறிணை, நிம்மதியாகச் சாப்பிடலாம். (பலத்த சிரிப்பு)

சரி, பொருளைத்தான் விடுங்கள். ‘சிறுமி’ என்பதற்கு ஜெர்மனில் ‘மேட்ஷென்’ என்று ஒரு சொல். அது பெண்பாலாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. மூன்றாம் பால்! காரணம், ‘ஷென்’ என்பது சின்னது, செல்லமானது என்று காட்டுகிற விகுதி. அந்த விகுதி வந்து ஒட்டினால் எதுவாக இருந்தாலும் மூன்றாம் பால். டர்னிப் கிழங்கு பெண்பால். சின்னப் பெண் மட்டும் பெண்பால் இல்லை! அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1880இல் இதையெல்லாம் வைத்து ஜெர்மன் மொழியைக் கிண்டல் பண்ணி ஒரு கட்டுரையே எழுதினார்.

நாமும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். “குழந்தை அழுதாள்” என்றா சொல்கிறோம்? “குழந்தை அழுதது” என்கிறோம். செல்லம் கொஞ்சும்போது எல்லா மொழியிலும் திணை கொஞ்சம் மாறத்தான் செய்கிறது.

இன்னொன்று கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கு நிலா யார்? அம்புலி மாமா. ஜெர்மனியிலும் நிலா ஆண்பால்தான், மாமாதான். அப்படியே எல்லையைத் தாண்டி பிரான்சுக்குள் போங்கள். அங்கே நிலா பெண்பால். மாமா அத்தை ஆகிவிடுகிறார்! (சிரிப்பு) சூரியன் ஜெர்மனியில் பெண், பிரான்சில் ஆண். ஒரே வானம், ஒரே நிலா, நடுவில் ஒரு ரைன் நதி. இலக்கணம் தலைகீழ்.

எண்ணைப் பாருங்கள். பிரெஞ்சில் 80க்குத் தனிச் சொல் இல்லை, ‘நாலு இருபது’. அப்போ 90? ‘நாலு இருபது பத்து’. 99? ‘நாலு இருபது பத்து ஒன்பது’! பக்கத்து நாடான பெல்ஜியத்தில் அதே பிரெஞ்சு பேசுகிறவர்கள், “இது நமக்கு ஆகாதப்பா” என்று 90க்குத் தனிச்சொல் வைத்துக்கொண்டார்கள். டென்மார்க்கில் 50 என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘இரண்டரை இருபது’. காய்கறிக் கடையில் கணக்குப் பார்க்கிற நம் தாய்மார்களுக்கு இது பெரிய சிரமமில்லை. எனக்குச் சிரமம்.

ரஷ்யாவில் ஒரு ரூபிள் என்றால் ஒரு வடிவம். இரண்டு, மூன்று, நான்கு என்றால் இன்னொரு வடிவம். ஐந்திலிருந்து வேறு வடிவம். அப்படியே இருபது வரை போய், இருபத்தொன்று வந்ததும் மறுபடி முதல் வடிவம்! பின்லாந்து மொழியில் 15 வேற்றுமை. எட்டு வேற்றுமையைச் சொல்லிக் கொடுத்தாலே என் வகுப்பில் கடைசி பெஞ்ச் தூங்கிவிடும். பதினைந்து இருந்தால் முதல் பெஞ்ச்சும் தூங்கும். வாத்தியாரும் தூங்கிவிடுவார். (சிரிப்பு)

இத்தனைக்கும் நடுவில் ஆங்கிலத்தைப் பார்த்தால் எளிமையாகத்தான் தெரிகிறது. ஒப்புக்கொள்கிறேன். எதிரணி நண்பர்கள் கை தட்டுகிறார்கள். தட்டுங்கள், தட்டுங்கள். அந்த எளிமைதான் பரவியதற்குக் காரணமா என்பதுதானே கேள்வி? அங்கேதான் நான் உங்களை மடக்கப் போகிறேன்.

இலக்கணம் லேசாக இருந்தால் மொழி பரவும், கடினமாக இருந்தால் பரவாது. இதுதானே உங்கள் வாதம்? லத்தீன் எப்படிப் பரவியது? அதில் ஆறு வேற்றுமை, மூன்று பால். ஆனால் ரோமாபுரிப் படை போன பாதையெல்லாம் லத்தீன் போயிற்று. ரஷ்ய மொழி எப்படி ஐரோப்பாவில் தொடங்கிப் பசிபிக் கடற்கரை வரைக்கும் போயிற்று? ரூபிளை எண்ணுவது சுலபமாக இருக்கிறதென்றா?

ஸ்பானிஷ் மொழியில் ‘பேசு’ என்ற ஒரு வினைச்சொல்லுக்கு, நிகழ்காலத்தில் மட்டும் நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு வடிவம். ஆனாலும் மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரைக்கும் ஸ்பானிஷ்! 1492 ஆகஸ்ட் மாதம் கொலம்பஸ் கப்பல் ஏறினார். அதே ஆகஸ்ட் மாதத்தில் நெப்ரிஹா என்ற அறிஞர் ஸ்பானிஷ் மொழிக்கு ஓர் இலக்கண நூலை வெளியிட்டு இசபெல்லா அரசிக்குக் காணிக்கையாக்கினார். மொழி என்பது பேரரசுக்குத் துணையாகவே கூட வருவது என்ற கருத்தை அதன் முன்னுரையில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நடுவர் அவர்களே, எதிரணிக்கு நான் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஓர் இலக்கண ஆசிரியர் எங்கள் அணியில் சேர்ந்துவிட்டார்! (கைதட்டல்)

சரி, எளிமையே வடிவான ஒரு மொழி சொல்லட்டுமா? 1887இல் வார்சா நகரத்தில் சாமென்ஹாஃப் என்ற கண் டாக்டர் எஸ்பெராண்டோ என்று ஒரு மொழியை உண்டாக்கி வெளியிட்டார். மொத்தமே 16 விதி. விதிவிலக்கு கிடையாது. பெயர்ச்சொல்லா, ‘ஓ’ என்று முடியும். பெயரடையா, ‘ஆ’ என்று முடியும். இதைவிட எளிமை உண்டா? இன்றும் அதைப் பேசுகிற அன்பர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் எந்த நாட்டிலாவது, “எஸ்பெராண்டோ தெரிந்தால்தான் வேலை” என்று விளம்பரம் பார்த்திருக்கிறீர்களா? டச்சு மொழியிலிருந்து பிறந்து தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியில், நான் நீ அவன் யாருக்கும் வினைச்சொல் மாறாது. பொருளுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. ஆங்கிலத்தைவிட லேசு. ஏன் அது உலகத்தைப் பிடிக்கவில்லை? அதற்குப் பின்னால் கடலை ஆண்ட கப்பல் படை இல்லை!

அடுத்தது, ஆங்கிலத்தின் ஜாதகத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் பிறவியிலேயே எளிமையா? ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் மூன்று பால், நான்கு முக்கிய வேற்றுமை. அங்கேயும் சூரியன் பெண், நிலா ஆண். பெண்ணையும் மனைவியையும் குறிக்கிற ‘வீஃப்’ என்ற சொல் மூன்றாம் பால். மனைவியைக் குறிக்கிற சொல்லை ‘அது’ வரிசையில் வைத்த இலக்கணம் எத்தனை நாள் வீட்டில் தாக்குப்பிடிக்கும்? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

வைக்கிங்குகள் வந்து கலந்தார்கள். 1066இல் நார்மானியர்கள் வந்து நாட்டைப் பிடித்தார்கள். அரசவையில் பிரெஞ்சு, மாதா கோயிலில் லத்தீன். 1362இல்தான் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்காடலாம் என்று சட்டமே வந்தது. அதுவரைக்கும் ஆங்கிலம் உழுகிறவன் மொழி, மாடு மேய்க்கிறவன் மொழி. இந்தக் காலத்தையெல்லாம் ஒட்டித்தான் அதன் விகுதிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து உதிர்ந்தன.

உதிர்ந்து முடிந்து எளிமையாகிவிட்டதே, உடனே பரவியதா? 1582இல் லண்டனில் மல்காஸ்டர் என்ற பள்ளித் தலைமையாசிரியர், ஆங்கிலம் இந்தத் தீவை விட்டு வெளியே போகவில்லை, தீவுக்குள்ளேயே எல்லா இடத்திலும் இல்லை என்ற பொருள்பட எழுதினார். எதிரணியினர் தயவுசெய்து கவனிக்க வேண்டும். 1582இல் இலக்கண எளிமை இருந்தது; பரவல் இல்லை. அப்புறம் என்ன வந்தது? 1600இல் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. 1607இல் அமெரிக்காவில் குடியேற்றம் வந்தது. ஆங்கிலம் எளிமையானது அது தாழ்ந்து கிடந்த காலத்தில். பரவியது அதைப் பேசியவர்கள் ஆண்ட காலத்தில்! (நீண்ட கைதட்டல்)

நம் நாட்டுக்கு எப்படி வந்தது? 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பை ஏற்று, அரசாங்கக் கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்கு என்று பென்டிங்க் பிரபு தீர்மானித்தார். 1844இல், ஆங்கிலம் படித்தவனுக்கு அரசாங்க வேலையில் முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் பிரபு சொன்னார். நம் பாட்டன் ‘ஆகா, வேற்றுமை உருபு இல்லையே’ என்றா ஆங்கிலம் படிக்கப் போனான்? வேலைக்காகப் போனான்.

இந்தியா தூரம். இங்கிலாந்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். 1536இல் வந்த சட்டம், வேல்ஸ் நீதிமன்றங்களில் இனிமேல் ஆங்கிலம்தான் என்றது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பல பள்ளிக்கூடங்களில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தார்கள். எந்தப் பிள்ளை வாயிலிருந்து வேல்ஸ் மொழி வருகிறதோ, அந்தப் பிள்ளை கழுத்தில் அது தொங்கும். அடுத்து எந்தப் பிள்ளை தாய்மொழி பேசுகிறதோ, அதற்கு மாறும். சாயங்காலம் மணி அடிக்கும்போது யார் கழுத்தில் கட்டை இருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு அடி. சகோதரி அவர்களே, எளிமையாகப் பரவுகிற மொழிக்குக் கட்டை எதற்கு? (கைதட்டல்)

முதலில் அது எளிமைதானா என்பதையும் பார்த்துவிடலாம். ‘உனக்குத் தெரியுமா?’ என்று கேட்க, ஜெர்மன்காரன் ‘தெரியுமா நீ’ என்று சொல்லை இடம் மாற்றிப் போட்டால் போதும். ஆங்கிலத்தில் எங்கிருந்தோ ஒரு ‘டூ’ வந்து நிற்க வேண்டும். அர்த்தம் என்ன? ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் சும்மா நிற்கிற தூரத்துச் சொந்தம் மாதிரி, ஆனால் அவர் இல்லாமல் போட்டோ எடுக்க முடியாது. பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ போட்டால் பன்மை: பாய், பாய்ஸ். வினைச்சொல்லில் ‘எஸ்’ போட்டால் ஒருமை: ஹீ ரன்ஸ், தே ரன். ஒரே ‘எஸ்’, ஒரு பக்கம் கூட்டம் சேர்க்கிறது, ஒரு பக்கம் கூட்டத்தைக் கலைக்கிறது! இது எளிமையா?

இப்போது, நடுவர் அவர்களே, இந்த மேடையில் இதுவரை நான் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வழியில் படித்தவன். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். ஆங்கில வகுப்பு. ஆசிரியர் கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். மரியாதையாக ஒரு கேள்வி கேட்போமே என்று, “யூ ஆர் கமிங் டுமாரோ சார், இஸின்ட் இட்?” என்றேன். அவர் சிரித்தார். ‘ஆரின்ட் யூ’ என்று திருத்தியிருந்தால் நான் கற்றுக்கொண்டிருப்பேன். திருத்தவில்லை. நான் சொன்னதை என் குரலிலேயே, என் ஊர் ராகத்திலேயே திருப்பிச் சொல்லிக் காட்டினார். வகுப்பே சிரித்தது. பெண்கள் பக்கமும் சிரித்தது. அன்றைக்கு உட்கார்ந்தவன், மூன்று வருஷம் அந்த வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. நான் தமிழ் எம்.ஏ. படித்ததற்குத் தமிழ்ப்பற்று ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம்.

வருஷங்கள் ஓடின. புதுச்சேரியில் சில காலம் வேலை பார்த்தேன். ஆய்வுக்கு உதவுமே என்று மாலை நேர பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். ஒரு நாள் பாடம், ‘நெஸ் பா’. என்ன அர்த்தம்? ‘இல்லையா?’ நான், நீ, அவன், நேற்று, நாளை, எதற்கும் அந்த ஒரே சொல்தான். ‘நீங்கள் நாளைக்கு வருகிறீர்கள், நெஸ் பா?’ எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் ‘இஸின்ட் இட்’! பத்தொன்பது வயதில் நான் சொன்ன அதே வாக்கியம்! பிரான்சில் பெரிய பெரிய அறிஞர்கள் பேசினால் அது இலக்கணம். கிராமத்துப் பையன் பேசினால் கேலி. அந்த வகுப்பில் என் கண் கலங்கியதைப் பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, “பாடம் கஷ்டமா இருக்கா சார்?” என்று கேட்டார். “இல்லங்க, இன்னைக்குத்தான் லேசாயிருக்கு” என்றேன்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்தது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விடுகிற பிழைகளை எல்லாம் சேர்க்க ஆரம்பித்தேன். “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்” என்றால் தப்பு. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் மூன்று வருஷமாக ‘வசிக்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்வதுதான் சரி. “டூ ஆப்பிள்” என்றால் தப்பு. ஹங்கேரி மொழியில் எண் வந்தபிறகு பன்மை போட்டால்தான் தப்பு. ‘இரண்டு ஆப்பிள்’தான் அங்கே சரி. “எஸ்” என்று சொல்லாமல், “சாப்பிட்டாயா?” என்றால் “சாப்பிட்டேன்” என்கிறோமே, அயர்லாந்தின் ஐரிஷ் மொழியில் ‘ஆமாம்’ என்பதற்குத் தனிச்சொல்லே இல்லை. அவர்களும் ‘சாப்பிட்டேன்’ என்று வினையால்தான் பதில் சொல்கிறார்கள்.

என் மாணவி ஒருத்தி, ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். “மை ஃபாதர் ஃபார்மர்” என்றாள். எதிரில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். திரும்பி வந்து அழுகிறாள். “எனக்கு மூளையே இல்ல சார்” என்கிறாள். நான் சொன்னேன்: “அம்மா, ரஷ்ய மொழியில் ‘இஸ்’ம் கிடையாது, ‘எ’யும் கிடையாது. ‘என் அப்பா விவசாயி’ என்று நம்மைப் போலவே இரண்டு பெயரை அடுத்தடுத்து வைத்தால் வாக்கியம் முடிந்தது. ராக்கெட் விட்டவன் வீட்டில் பேசிய இலக்கணம் அது. உனக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது? ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘இஸ் எ’ வேண்டும். அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்ளப் பத்து நாள் போதும்.” அவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கற்றும் கொண்டாள்.

நான் பிழையைச் சரி என்று சொல்லவில்லை. ஆங்கிலம் எழுதினால் ஆங்கில இலக்கணப்படி எழுத வேண்டும். திருத்த வேண்டியது வாத்தியார் கடமை. ஆனால் ஆங்கிலம் எளிமை, அதனால்தான் உலகமே பேசுகிறது என்று நீங்கள் சொன்னால், அது வராத பிள்ளை என்ன நினைக்கும்? ‘இவ்வளவு லேசானதே எனக்கு வரவில்லை, நான் மக்கு’ என்று நினைக்கும். உங்கள் தீர்ப்பு அந்தப் பிள்ளை கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடும். அது வலிமையால் வந்த மொழி, அதற்கும் கோணல் உண்டு, உழைத்தால் வரும் என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். முடித்துக்கொள்கிறேன். வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற பெற்றோர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் உங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் ஏதாவது தப்பாகப் பேசினால் திருத்துங்கள். சிரிக்காதீர்கள்.

ஆங்கிலம் பரவியதற்குக் காரணம் அதைப் பேசியவர்களின் வலிமையே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நல்ல தீர்ப்பாகச் சொல்லுவீங்க... இஸின்ட் இட், சார்? (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)